கண்மாய்க்குள் ஒரு தார்ப்பாய்க் குளம்

பந்தல், மேடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் நீங்கள் என்னைக் கண்டால், "ஏதாவது சொல்லுங்க அண்ணாச்சி" என்று உட்கார்ந்துவிடுகிறீர்கள். முடிச்சுப் போடுவதையும் கால் நடுவதையும் நான் சொல்லப்போவதில்லை. அதைக் கை தானாகப் பழகிக்கொள்ளும். நாலு பக்கமும் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும்போது எதை முதலில் செய்வது என்பதுதான் இந்தத் தொழில். அதை எவனும் பழக்கிவிட முடியாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்கும் பஸ் போர்டை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அருப்புக்கோட்டையிலிருந்து கமுதி வரைக்கும் என் மேடையில் ஏறாத பெரிய மனிதர் கிடையாது. ஏறி விழுந்தவரும் கிடையாது. படித்தவர்கள் கம்ப்யூட்டரில் படம் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் இடத்தை ஒரு சுற்று நடந்து, காற்று எந்தப் பக்கம், ஜனம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். யாருடைய சொத்தையும் வைத்து நான் பெருமைப்படவில்லை.

உலகப் பொம்மலாட்ட விழா என்று நம் கரிசல் காட்டில் ஒன்று நடந்ததே, அதற்கு மேடை போட்டது நான். சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். ஏ.சி. மண்டபத்தில் இந்தக் கலையை வைத்துப் பூட்டக் கூடாது, கிராமத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். அவர் பிடித்த இடம் திருச்சுழிக்கும் பரளச்சிக்கும் நடுவில் ஒரு ஊர்க் கண்மாய். பேர் வேண்டாம். இரண்டு வருசமாக மழை தவறி, கண்மாய் வெடித்துக் கிடந்தது. அகலமான இடம், சமமான தரை, சுற்றிலும் கரை. உட்கார்ந்து பார்க்கக் கேலரி கட்டியது மாதிரி இருக்கிறது என்று மேடம் சந்தோசப்பட்டார். தண்ணீர் இல்லாத கண்மாய் அவருக்கு அப்படித் தெரிந்தது. அதற்கு அவரைக் குறை சொல்லக் கூடாது.

எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்திருந்தார்கள். நூல் கட்டி ஆட்டுகிறவர்கள், கைக்குள் மாட்டி ஆட்டுகிறவர்கள், நிழல் காட்டுகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் நான் ஒரே மூச்சில் மேடை போட்டுவிட்டேன். வியட்நாமிலிருந்து வந்த குழுவுக்குத்தான் மேடை கிடையாது. அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். குளத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில், ஒரு மூங்கில் தட்டிக்குப் பின்னால் ஆட்கள் மறைந்து நிற்பார்கள். நீளமான கம்பின் நுனியில் பொம்மை. கம்பு தண்ணீருக்கு அடியில் ஓடும். பார்க்கிறவனுக்குப் பொம்மை மட்டும் தண்ணீர்மேல் தானாக நீந்துகிற மாதிரி இருக்கும்.

"குளம் வெட்ட முடியுமா சார்?" என்று மேடம் கேட்டார்.

"குளம் என்ன, கடலே வெட்டலாம். நெறைக்கிறது ஆரு?" என்றேன்.

நிறைத்தது காதர் பாய். சவூதியில் லாரி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்து, அருப்புக்கோட்டையில் தண்ணீர் லாரி வைத்திருப்பவர். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துப் போர்வெல்லில் பிடித்துக்கொண்டு வருவார். நான் இடத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"கண்மாய்க்குள்ள கொண்டாந்து தண்ணி ஊத்தச் சொல்லி லாரி கேட்ட மொத ஆளு நீங்கதாண்ணே. அந்த ஊர்க்காரவுக என்னைய ஊத்த விடுவாகளா?"

"அது என் பாடு. நீரு லாரியக் கொண்டாரும் பாய்."

குழி எடுத்து, மண்ணால் வரப்புக் கட்டி, தார்ப்பாய்களைச் சூடு வைத்து ஒட்டி விரித்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. முதல் லாரி வந்து குழாயைத் திறந்தபோது நிமிர்ந்து பார்க்கிறேன், கரை நெடுகப் பெண்கள் நிற்கிறார்கள். இடுப்பில் காலிக் குடம். அவர்களுக்குப் பின்னால் செம்மறி ஆடுகள். சத்தமே இல்லை. சத்தம் போடுகிற கூட்டத்துக்கு நான் பயப்பட மாட்டேன். சும்மா நிற்கிற கூட்டத்துக்குப் பயப்படுவேன். நீங்களும் பயப்படுங்கள்.

முன்னால் நின்றவள் பேச்சியம்மா. ஆடு வைத்துப் பிழைக்கிறவள். புருசன் இல்லை. பருத்தி போட்டுக் கருகிப்போன பிறகு, அந்த ஆடுகளைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை. அதை அவளே சொன்னாள்.

"பொம்மைக்கு ரெம்பத் தாகமோ அண்ணாச்சி?"

பக்கத்தில் ஒருத்தி சொன்னாள்: "வெளிநாட்டுப் பொம்மையாச்சே. நம்ம ஊரு ஆடு மாதிரி நாக்க வறட்டிக்கிட்டுக் கெடக்குமா?"

நான் கரையேறிப் போனேன். மேலே நின்று பேசுகிறவர்களிடம் கீழே நின்று பேசினால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். "இந்தா பாரு ஆத்தா. மூணு நா ஆட்டம். மூணாம் நா சாயங்காலம் கடைசி ஆட்டம் முடிஞ்ச நிமிசம், இதுல கெடக்குற அம்புட்டுத் தண்ணியும் ஊருக்குத்தான். மோட்டார் வச்சு இங்க கரைமேல இருக்குற ஆட்டுத் தொட்டிக்கு நானே ஏத்தித் தாரேன். அதுவரைக்கும் ஆடு கெடக்குறதுக்கு, இப்ப வந்த லாரியில பாதிய மொதல்ல ஒங்க தொட்டியில ஊத்தச் சொல்றேன். தெனம் ஒரு லோடு தொட்டிக்கு. என்ன சொல்றீக?"

பேச்சியம்மா என் முகத்தையே பார்த்தாள். "ஒங்க வாக்கா, அந்தம்மா வாக்கா?"

"என் வாக்கு."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பி, "ஏலே, வழி விடுங்க. லாரி வரட்டும்" என்றாள். அவள் சொன்னதும் கரை ஒதுங்கியது. அந்த ஊரில் அவள் பேச்சுக்கு அப்படி ஒரு மதிப்பு.

மேடத்திடம் வந்து சொன்னேன். அவரும் சரி என்றுவிட்டார். இதை முடித்துக்கொண்டு குளத்துக்குப் போனால், வியட்நாம் குழுவின் பெரியவர் பச்சைப் பொடிப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். மெலிந்த மனிதர். மொழிபெயர்க்க வந்த மதுரைப் பெண்ணிடம் என்ன அது என்று கேட்டேன். தண்ணீர் தெளிவாக இருந்தால் அடியில் ஓடுகிற கம்பு தெரிந்துவிடும், அதனால் சாயம் கலக்கப்போகிறார்கள் என்றாள்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் என்னவோ சொன்னார்.

"கம்பைக் காட்டுறது எங்க தொழிலுக்கு அவமானம்னு சொல்றார் ஐயா. அவங்க அப்பா, தாத்தா யாருமே காட்டினது இல்லையாம்."

"அவுக தாத்தாவுக்கு எம்புட்டு மானம் இருந்துச்சோ அம்புட்டு எனக்கும் இருக்குன்னு சொல்லும்மா. இந்தத் தண்ணிய ஆட்டுக்குன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

வாயால் பேசி ஆகாது என்று அவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாய் தொட்டியில் அப்போதுதான் ஊற்றியிருந்தார். ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குடித்துக்கொண்டிருந்தன. இடம் கிடைக்காத ஆடுகள் தொட்டியின் வெளிப்பக்கம் வழிந்த ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தன. பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். திரும்பி வந்து பொட்டலங்களைப் பைக்குள் வைத்துக் கட்டிவிட்டார். அவருக்கும் வழி வேண்டுமே. கண்மாய்த் தரையிலேயே கரம்பை மண், அதுதான் வண்டல், கிடக்கிறது. அதை நாலு கூடை கரைத்துவிடச் சொன்னேன். மழைக்காலத்தில் இந்தக் கண்மாய்த் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். ஆடு அதைக் குடித்து வளர்ந்ததுதான். மனிதருக்கு வேண்டுமானால் தேத்தாங்கொட்டை உரசித் தெளியவைத்துக்கொள்ளலாம். கம்பும் தெரியவில்லை, வாக்கும் கெடவில்லை. இப்படி ஒரு தீர்ப்பை எந்த என்ஜினீயரும் சொல்லியிருக்க மாட்டான் என்று அன்றைக்கு மார்தட்டிக்கொண்டேன்.

முதல் இரண்டு நாளும் நல்ல கூட்டம். வாத்து நீந்தியது, மீன் துள்ளியது, நாகம் வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். பிறகு வரிசையாகப் பெண் பொம்மைகள் வந்து குனிந்து குனிந்து நாற்று நட்டன. எருமை உழுதது. அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயச் சம்சாரி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என்ன மாமா, பாதியில போறீக?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான்.

"நம்ம கண்மாய்க்குள்ள வந்து பொம்ம நடவு நடுதுடா. இத வேற உக்காந்து பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் மத்தியானமே லாரி வரவில்லை. பாய் போன் பண்ணினார். "போர்வெல் கெடக்குற ஊர்க்காரவுக வந்து மறிச்சுட்டாகண்ணே. எங்க ஊர்த் தண்ணிய பொம்மைக்கு ஊத்த அனுப்ப மாட்டோம்ங்கிறாக. ஆட்டுக்குன்னு சொல்லிப் பார்த்துட்டேன். நம்ப மாட்டேங்கிறாக." வேறு இடங்களில் கேட்டார். எங்கேயும் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலத்தோடு ஆட்டுத் தொட்டி காய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் வெயில், வெயில் மாதிரி இல்லை. அனல் காற்று. விடிவதற்குள் இரண்டு மூன்று குட்டிகள் செத்துவிட்டன என்று சொன்னார்கள். மத்தியானத்திலேயே கரை நிறைந்துவிட்டது. குடமும் ஆடும். குளத்தில் இன்னும் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் கிடந்தது. அந்த வட்டாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் அது ஒன்றுதான்.

நான் மேடத்திடம் போனேன். "இப்பவே தொட்டிக்கு ஏத்திடுவோம்மா. ஆட்டம் வேண்டாம்."

"சார், ஒரே ஒரு ஷோ. மெயின் கெஸ்ட் கிளம்பிட்டார். இத்தனை நாட்டுக்காரங்க முன்னாடி கடைசி நாள் கேன்சல்னு எப்படி சொல்வேன்? முடிஞ்சதும் எல்லாத்தையும் எடுத்துக்கட்டும். நீங்களே அப்படித்தானே பேசினீங்க?"

பேசினது உண்மை. காவலுக்கு வந்திருந்த ஏட்டு, "கரையில நிக்கிறவுகளக் கலைச்சு விட்டுரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பேச்சியம்மாவைத் தேடிப் போனேன். அவள் ஆடுகள் அவள் பக்கத்தில் இல்லை.

"எங்க ஆத்தா ஒன் ஆடு?"

"பட்டியில அடைச்சுட்டு வந்துட்டேன். தண்ணியக் கண்ணுல காட்டிக்கிட்டே நிறுத்தி வச்சா அதுக கேக்குமா? ஆட்டம் முடியட்டும், பெறகு ஓட்டியாறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இவளுக எல்லாம் இப்பவே எறங்கணும்ங்கிறாளுக. நாந்தான் பிடிச்சு வச்சிருக்கேன். அண்ணாச்சி வாக்குக் குடுத்துருக்காகன்னு சொல்லி வச்சிருக்கேன். சீக்கிரமா முடிங்க."

சீக்கிரமாக முடியவில்லை. வரவேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. வந்துகொண்டே இருக்கிறார், வந்துகொண்டே இருக்கிறார் என்று மைக்கில் சொன்னார்கள். பொழுது சாயத் தொடங்கியது. ஆட்டக்காரர்கள் தட்டிக்குப் பின்னால் தண்ணீரில் இறங்கிக் காத்து நின்றார்கள். குளத்தைச் சுற்றி மூங்கிலில் விளக்குக் கட்டியிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் தொட்டிக்கு ஏற்றுவதற்கான மோட்டாரையும் குளத்துக்குள்ளேயே இறக்கி, ஓஸ் பைப் மாட்டித் தயாராக வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே ஜெனரேட்டர். கரையில் ஆடுகள் கத்துகிற கத்தலில் அவர்களுடைய மேளம் கேட்கவில்லை.

கடைசியில் காரின் வெளிச்சம் தெரிந்தது. பொம்மைகள் தண்ணீருக்கு வந்தன. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. குளத்திலிருந்து கரையைப் பார்த்து அடித்தது.

மனிதர்கள் என் வாக்குக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். ஆட்டுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஈர வாடை பட்டதும் கரையிலிருந்த ஆடுகள் மொத்தமாக இறங்கின. மேய்ப்பவர்கள் கம்பைக் குறுக்கே நீட்டினார்கள். கம்பு ஒடிந்ததுதான் மிச்சம். மந்தை நேராகக் குளத்தைப் பார்த்து வருகிறது. நடுவில் என் விளக்குக் கம்பங்கள், தரையில் ஓடுகிற வயர், தண்ணீருக்குள் எட்டு மனிதர்கள்.

தம்பிகளே, இந்த இடத்தைத்தான் சொல்ல வந்தேன். ஜெனரேட்டர் ஓடினால் மோட்டார் ஓடும். மோட்டார் ஓடினால் தண்ணீரைக் கொஞ்சமாவது கரைமேல் தொட்டிக்கு ஏற்றிவிடலாம். ஆடுகள் தொட்டிக்குத் திரும்பிவிடும். என்னிடம் வேலை பார்க்கிற பையன் ஒருவன் அதைத்தான் கத்தினான். "மோட்டாரப் போடவா, மோட்டாரப் போடவா?" மேடம் மைக்கில் எல்லோரையும் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏட்டு விசிலை ஊதிக்கொண்டிருந்தார். ஒரு கம்பம் சாய்ந்து வயர் தண்ணீரில் விழுந்தால் அந்த எட்டு பேரும் நின்ற இடத்தில் முடிந்துபோவார்கள். நான் ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை.

விளக்கு போயிற்று. பாட்டு போயிற்று. அந்திச் சிவப்பு மட்டும் இருந்தது. முதல் கம்பம் அதற்குப் பிறகுதான் சாய்ந்தது. வயர் தண்ணீரில்தான் விழுந்தது.

ஆடுகள் வரப்பேறிக் குதித்தன. அவற்றுக்குப் பின்னால் குடத்தோடு ஜனம். தட்டி சரிந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் கையில் கம்போடு எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்றார்கள். பெரியவர் ஓடாமல் நின்றார். அவர் கம்பின் நுனியில் நாற்று நடுகிற பொம்மை ஒன்று அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் இடுப்பைச் சுற்றி ஆடுகள் குடித்துக்கொண்டிருந்தன. காரிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த பெரிய மனிதர் இதுவும் ஆட்டத்தில் ஒரு கட்டம் என்று நினைத்துக் கை தட்டினார். கூட வந்தவர்களும் தட்டினார்கள்.

அத்தனை குளம்பும் ஒரே தார்ப்பாயின்மேல். நான் ஒட்டிய ஒட்டு பிரியவில்லை, தார்ப்பாயே கிழிந்துவிட்டது. தண்ணீர் வடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு வருசமாக வெடித்துக் கிடந்த தரை. எவ்வளவு நேரம் ஆகும்? குடங்கள் கால்வாசிகூட நிறையவில்லை. பொம்மைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தன.

பேச்சியம்மா பட்டிக்குப் போய்த் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரை ஏறினபோது கீழே கிழிந்த தார்ப்பாயும் சேறும்தான் கிடந்தது. ஆடுகள் இறங்கிப்போய்ச் சேற்றை மோந்து பார்த்துவிட்டு அவளைப் பார்த்துத் திரும்பின. யாரும் அவளிடம் பேசவில்லை. நான்தான் போனேன்.

"ஒங்க ஆளுகளுக்கு ஒண்ணும் ஆகலைல்ல அண்ணாச்சி?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"இல்ல ஆத்தா."

"அந்தத் தண்ணிக்குள்ள நின்னவுகளுக்கு?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டாள்.

இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மோட்டாரைப் போட்டிருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மத்தியானமே ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மறுபடி அதே இடத்தில் என்னை நிறுத்தினாலும் நான் முதலில் கரண்டைத்தான் நிறுத்துவேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: ஆள் தண்ணீரில் நின்றால் முதலில் கரண்டை நிறுத்து, மற்றதெல்லாம் பிறகு. சரியானதைச் செய்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது நடந்துவிடும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். அன்றைக்கு அவளுடைய ஆடுகள் மட்டும்தான் அந்த ஊரில் வாய் நனையாமல் திரும்பின. வரிசை கலையாமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கரைமேல் ஒரு மினி லாரி வந்து நின்றது. காதர் பாய் தம்பிக்கு ஆட்டு வியாபாரம். பாயும் கூட வந்திருந்தார். பேச்சியம்மா ஆடுகளைத் தானே ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏற்ற உதவி செய்ய வந்தவர்களை விலக்கிவிட்டாள். வேனில் ஏறியிருந்த வியட்நாம் பெரியவர் இறங்கி நடந்து வந்து, அவளுக்கு முன்னால் நின்று குனிந்தார். அவள் ஆட்டைக் கையில் வைத்துக்கொண்டே விலகி வழிவிட்டாள். அவர் எதற்கோ வழி கேட்கிறார் என்று நினைத்திருப்பாள்.

கடைசி ஆட்டையும் ஏற்றிவிட்டு லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாய், அறுக்குற எடத்துல இதுகளுக்குத் தண்ணி காட்டுவாகளா?"

"காட்டாம அறுக்கக் கூடாதும்மா. அது எங்க மொற" என்றார் பாய்.

"வயிறு நெறையக் காட்டுவாகளா?"

"நான் நின்னு காட்டச் சொல்றேன்."

அவள் கதவை விட்டாள்.

"அப்பப் போகட்டும்" என்றாள்.